நார்கோ கொரிதோ: பாடுகிறவனைப் பிடிக்கிறார்கள், பாடச் சொன்னவனை?

மலைச்சாரல்:

2025 மார்ச் 29 அன்று மெக்சிகோவில், குவாதலஹாராவை ஒட்டிய சபோபன் நகரத்தில் ஒரு கச்சேரி. டெல்மெக்ஸ் அரங்கம், நல்ல கூட்டம். மேடையில் சினலோவா மாநிலத்துக் குழுவான லோஸ் அலெக்ரெஸ் தெல் பர்ராங்கோ. ஒரு பாட்டைத் தொடங்கியதும் பின்னாலிருந்த திரையில் ‘எல் மெஞ்சோ’ என்கிற நெமேசியோ ஒசெகேரா செர்வாந்தெஸின் படம் வந்தது. அப்போது ஹலிஸ்கோ புதிய தலைமுறை கார்ட்டெல் என்ற போதைக் கடத்தல் கும்பலின் தலைவன். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அதே ஹலிஸ்கோ மாநிலத்தில், அந்த மாதத் தொடக்கத்தில்தான், தெயுசித்லான் பக்கத்திலுள்ள இஸாகிர்ரே பண்ணைக்குள் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பத்தினர் நுழைந்திருந்தார்கள். உள்ளே குவியலாக ஷூக்கள், பைகள், துணிமணிகள், எரிந்த எலும்புத் துண்டுகள். அந்தச் செய்தி ஆறுவதற்குள் இந்தக் கச்சேரி. நாடே கொதித்தது. சில நாட்களில் அமெரிக்கா அந்தக் குழுவினரின் விசாவை ரத்து செய்தது. ஹலிஸ்கோ அரசு விசாரணையைத் தொடங்கியது.

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் கொஞ்ச நாளாக நார்கோ கொரிதோ என்கிற, போதைக் கடத்தல்காரர்களைப் பற்றிய இந்தக் கதைப்பாடல்களைப் பற்றிப் படித்து, கேட்டு வருவதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. விசா ரத்து, அபராதம், மேடைத் தடை என எல்லாமே பாடுகிறவன் தலையில்தான் விழுகின்றன. கைக்கு எட்டுகிறவன் அவன்தான் என்பதால். இந்தப் பாடல்களில் பாதிக்கும் மேலான வம்பு எங்கே இருக்கிறது என்றால், பாட்டை எழுதச் சொல்லிக் காசு கொடுப்பவனிடம். அதை யாரும் பேசுவதில்லை. இங்கே பேசலாம் என்று இழையைத் தொடங்குகிறேன்.

ஹூஸ்டன்வாசி:

நல்ல தலைப்பு. நான் இருக்கும் ஊரில் இந்தப் பாட்டு கேட்காத நாள் கிடையாது. கூரை வேலைக்கு வருகிறவர்கள், பக்கத்து டாக்கோ வண்டி, சிக்னலில் நிற்கும் பிக்கப் டிரக், எங்கும் அக்கார்டியனும் டியூபாவும்தான். ஸ்பானிஷ் கொஞ்சம் புரிய ஆரம்பித்த பிறகுதான் அந்தத் துள்ளல் மெட்டுக்குள் ஒரு கொலை நடந்து முடிந்திருப்பது தெரிந்தது.

ஆனால் ஒன்று. வேலைத்தளத்தில் அதிகம் கேட்பது துப்பாக்கிப் பாட்டு இல்லை. லோஸ் டிக்ரெஸ் தெல் நோர்தே 1980-களில் பாடிய ‘லா ஹவுலா தே ஓரோ’தான். குடியேற்ற ஆவணம் இல்லாமல் அமெரிக்கா வந்து, சம்பாதித்து, வெளியே தலைகாட்டப் பயந்து, பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிட்டதைப் பார்த்து நொந்துபோகும் ஒரு அப்பாவின் பாட்டு. கடத்தல் பாட்டால் புகழ் பெற்ற அதே குழுதான் இதையும் பாடியது. ஆகவே கொரிதோ என்றாலே கார்ட்டெல் என்று எழுதிவிட வேண்டாம்.

நெய்தல்:

மன்னிக்க வேண்டும், நான் தடைப் பக்கம்தான். மெக்சிகோ அரசின் பதிவேட்டில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை 1,20,000-ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒருவருடைய பெயராவது இந்தப் பாடல்களில் வருகிறதா? கொன்றவனின் பட்டப்பெயர், அவன் வண்டி, அவன் குதிரை, அவன் துப்பாக்கியின் பிடியில் பதித்த கல் வரைக்கும் வருகிறது. செத்தவன் ‘எதிரி’ என்ற ஒரே சொல்லோடு போய்விடுகிறான். மகளைத் தேடி மண்வெட்டியோடு அலையும் தாய், அந்தப் பாட்டைப் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு தூங்க வேண்டும். கலைச் சுதந்திரம் பேசுகிறவர்கள் அவள் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும்.

மலைச்சாரல்:

நெய்தல், நீங்கள் சொன்ன ‘செத்தவன் பெயர் வருவதில்லை’ என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். அது எப்படி அப்படி ஆனது என்று பார்க்கலாம். ஆரம்பத்தில் அப்படி இல்லை.

கொரிதோ என்பது எல்லைப்புறத்துக் கதைப்பாடல். பத்திரிகை போகாத ஊர்களுக்குச் செய்தி கொண்டு போனது. எந்த வருடம், எந்த ஊர் என்று தொடங்கும், நடந்ததைச் சொல்லும், கேட்கிறவர்களிடம் விடைபெற்று முடியும். 1901-ல் டெக்சாஸில் கிரெகோரியோ கொர்தேஸ் என்ற பண்ணையாள், தன் சகோதரனைச் சுட்ட ஷெரீஃபைச் சுட்டுவிட்டு, நூற்றுக்கணக்கானோர் துரத்தக் குதிரையில் தப்பி ஓடினார். அந்தக் கொரிதோவை வைத்து அமெரிக்கோ பரேதெஸ் 1958-ல் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கே அடித்தளம். அப்புறம் 1910-ல் தொடங்கிய மெக்சிகோ புரட்சி, அதன் தலைவர்கள் வீயா, சபாத்தா பற்றிய பாட்டுகள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் டெகிலா மதுவைக் கடத்தி டெக்சாஸ் ரேஞ்சர் போலீசிடம் சிக்கிச் செத்தவர்களுக்கும் பாட்டு உண்டு. கடத்தல்காரன் இந்தப் பாட்டுக்குள் நுழைந்து 90 வருடத்துக்கு மேல் ஆகிறது.

1970-களில் லோஸ் டிக்ரெஸ் தெல் நோர்தே ‘கொந்த்ரபாந்தோ இ த்ரையிசியோன்’ பாடினார்கள். எழுதியவர் ஆங்கெல் கொன்சாலெஸ். எமிலியோ வரேலாவும் டெக்சாஸ்காரி கமேலியாவும் கார் டயருக்குள் கஞ்சாவை அடைத்து எல்லையைத் தாண்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் சரக்கு கை மாறுகிறது, பணம் வருகிறது. எமிலியோ அவளிடம், உன் பங்கோடு நீ புது வாழ்க்கை தொடங்கு, நான் என் காதலியைப் பார்க்கப் போகிறேன் என்கிறான். ஏழு குண்டு. போலீசுக்குக் கிடைப்பது வீசியெறிந்த துப்பாக்கி மட்டும். பணமும் கமேலியாவும் போன இடம் தெரியவில்லை.

இதில் யாரும் யாரையும் புகழவில்லை. செத்தவனுக்குப் பெயர் இருக்கிறது, ஆசை இருக்கிறது. பாடுகிறவன் நடந்ததைத் தள்ளி நின்று சொல்கிறான். கமேலியா கற்பனைப் பாத்திரம். அவளிடம் காசு வாங்கிக்கொண்டு யாரும் எழுதவில்லை.

தாளக்கட்டு:

இசைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொரிதோ பாடும் நோர்தேனோ, அதாவது வடபுல இசைக் குழுவில் பட்டன் அக்கார்டியன், 12 கம்பி பாஹோ செக்ஸ்தோ கிட்டார், பாஸ், டிரம்ஸ். தாளம் பெரும்பாலும் போல்கா, சில சமயம் வால்ஸ். ஐரோப்பியக் குடியேறிகளின் நடன இசை எல்லைப்புறத்தில் தங்கி ஊர்க்காரர்களுடையதாகிவிட்டது. மெட்டு பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில் இருக்கும், அதனால்தான் ஹூஸ்டன்வாசி சொன்ன துள்ளல். சோகத்துக்குப் பாடகர் குரலை உடைக்கவே மாட்டார். செய்தி வாசிக்கிற மாதிரி நேராகச் சொல்லிக்கொண்டு போவார். துக்கம் முழுக்கச் சொற்களில்தான்.

சினலோவாவின் பாண்டா என்னும் ஊதுவாத்தியக் குழு இதற்கு நேர் எதிர்: கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், டியூபா, தம்போரா மேளம் என்று பதினைந்து பேருக்கு மேல் நிற்பார்கள். வீட்டு விசேஷத்துக்கு ஒரு முழு பாண்டாவை வரவழைத்து விடிய விடிய வாசிக்கச் சொல்வது பணக்காரனின் கௌரவம். சினலோவாவில் 1980-களில் அப்படி வரவழைக்கும் அளவுக்குப் பணம் யாரிடம் சேர்ந்தது என்று சொல்லவே வேண்டாம். மலைச்சாரல் சொல்லும் ‘காசு கொடுப்பவன்’ இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறான்.

மலைச்சாரல்:

அருமை. இப்போது சலீனோ சான்செஸ். இவரைப் பற்றி நிதானமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் திருப்பம் இங்கேதான்.

1960-ல் சினலோவாவில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். தன் அக்காவைக் கெடுத்தவனைப் பதின்ம வயதில் ஒரு விருந்தில் சுட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓடிப்போனார். வயல்வேலை, பாத்திரம் கழுவும் வேலை. 1984-ல் அண்ணன் அர்மாந்தோ மெக்சிகோ எல்லை நகரமான டிஹுவானாவில் கொல்லப்பட்டபோது, அவனுக்காக எழுதியதுதான் முதல் கொரிதோ. பிறகு டிஹுவானா சிறையில் கொஞ்ச காலம். உள்ளே இருந்த கைதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையைச் சொல்லிப் பாட்டு கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். கூலி பணமாகவோ கடிகாரமாகவோ துப்பாக்கியாகவோ வரும்.

வெளியே வந்ததும் அதுவே தொழிலானது. பாட்டுக்குச் சொன்னவருக்காக ஒரு கேசட் பதிவு செய்வார், மீதிப் பிரதிகளைக் கார் கழுவும் இடங்களிலும் வார இறுதிச் சந்தைகளிலும் விற்பார்கள். குரல் மூக்கால் வரும், சுருதி விலகும், பயிற்சி கிடையாது. ஆனால் மலையிலிருந்து இறங்கிய ஒரு ஆள் தன் பேச்சிலேயே பாடுவதை லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகள் முதல்முறையாகக் கேட்டார்கள். அதுவரை அப்பா அம்மாவின் ரேடியோ இசையைக் கண்டு கூசிய பையன்கள், தொப்பியும் பூட்ஸும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

1992 ஜனவரி, கலிபோர்னியாவின் கோச்செல்லாவில் ஒரு உணவகக் கச்சேரி. கூட்டத்திலிருந்து ஒருவன் மேடையேறிச் சுட்டான். சலீனோ இடுப்பிலிருந்த துப்பாக்கியை உருவித் திருப்பிச் சுட்டார். பார்க்க வந்த ஒருவர் செத்துப்போனார். அதற்குப் பிறகு கேசட் விற்பனை எகிறியது. மே மாதம் சினலோவாவின் தலைநகர் குலியாகானில் கச்சேரி முடித்துக் கிளம்பியவரின் காரை, போலீஸ் அடையாள அட்டை காட்டிச் சிலர் நிறுத்தினார்கள். காலையில் ஒரு கால்வாய்க் கரையில் உடல் கிடந்தது. 31 வயது.

அந்தக் கடைசிக் கச்சேரியில் ஒரு துண்டுக் காகிதம் கைக்கு வர, படித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகும் வீடியோ எல்லோரும் பார்த்தது. அது கொலை மிரட்டல் என்று வீடியோவுக்கு வீடியோ எழுதுகிறார்கள். அந்தக் காகிதத்தை யாரும் காட்டியதில்லை.

என் வாதம் இதுதான்: சலீனோவோடு கொரிதோ செய்தி என்பதிலிருந்து ஆர்டர் என்பதற்கு மாறியது. ஆர்டர் கொடுத்தவன் தான் கொன்றவர்களின் பெயரைப் பாட்டில் கேட்க மாட்டான். நெய்தல் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

பழைய ரேடியோ:

தடை பற்றி நான் கொஞ்சம். இது புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். சினலோவாவில் 1980-களின் பிற்பாதியிலேயே வானொலியில் இந்தப் பாட்டுகளை நிறுத்தச் சொல்லி அரசு நெருக்கியது. 2011-ல் ஆளுநர் மரியோ லோபெஸ் வால்தெஸ் ஓர் ஆணை போட்டார்: பாரிலோ மதுபான விடுதியிலோ நார்கோ கொரிதோ ஒலித்தால் உரிமம் பறிபோகும். 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிவாவா நகரத்தில் 2012-ல் லோஸ் டிக்ரெஸ் குழுவுக்கே மேடைத் தடை. டிஹுவானா நகராட்சி 2023 நவம்பரில் தடை கொண்டுவந்தது.

இத்தனை தடைக்கு நடுவில் சத்தம் குறைந்ததா? வானொலியில் வராத பாட்டு கேசட்டில் வந்தது, அப்புறம் சிடியில், இப்போது செல்போனில். தடை செய்யப்பட்டது என்ற முத்திரையே விளம்பரமாகிவிட்டது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. 2009-ல் லோஸ் டிக்ரெஸ் ‘லா கிராங்ஹா’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். நரி, பன்றி, அவிழ்ந்து ஓடிய நாய் என்று ஒரு பண்ணையின் கதை. அன்றைய அரசுகள் நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததைப் பற்றியது. மெக்சிகோ நகரத்தில் ஒரு விருது விழாவில் அதைப் பாட வேண்டாம் என்று சொல்லப்பட்டதால் விழாவையே புறக்கணித்தார்கள். அதில் ஒரு கடத்தல்காரனையும் புகழவில்லை. ‘வன்முறைப் பாட்டைத் தடை செய்’ என்று அதிகாரியின் கையில் கத்தரியைக் கொடுத்தால், முதலில் அவர் எதை வெட்டுவார் என்பதை யோசியுங்கள்.

நெய்தல்:

பழைய ரேடியோ ஐயா, ‘லா கிராங்ஹா’ போன்ற பாட்டு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைக் கேடயமாக வைத்து மற்றதைக் காப்பாற்றாதீர்கள். 2009, 2010 வாக்கில் வந்த ‘மொவிமியெந்தோ அல்தெராதோ’ என்ற பாட்டு அலையைக் கேட்டிருக்கிறீர்களா? தலை அறுப்பதையும் பஸூக்காவையும் ‘நாங்கள் செய்வோம்’ என்று தன்னிலையில் பாடுகிறார்கள். சினலோவாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதைத் தயாரித்துச் சந்தைக்கு விட்டவர்கள் கலிபோர்னியாவின் பர்பாங்கில் ஸ்டுடியோ வைத்திருந்த இரட்டைச் சகோதரர்கள். குண்டு விழாத ஊரில் உட்கார்ந்து, குண்டு விழும் ஊரை விற்றார்கள். இவர்களுக்கும் காசு கொடுத்தவன்தான் குற்றவாளியா? சந்தை என்ற ஒன்று கிடையாதா?

2025 ஏப்ரல் 11, டெஸ்கோகோ குதிரைச் சந்தைத் திருவிழாவில் என்ன நடந்தது? பாடகர் லூயிஸ் ஆர் கொன்ரிகெஸ், அரசுக் கட்டுப்பாடு இருப்பதால் இன்று கொரிதோ பாட முடியாது என்று மேடையில் சொன்னார். கூட்டம் நாற்காலிகளையும் பீரையும் வீசியது. மேடையேறி வாத்தியங்களை உடைத்தது. அங்கே எந்தக் கார்ட்டெல் தலைவனும் ஆர்டர் கொடுக்கவில்லை. டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனம்.

ஹூஸ்டன்வாசி:

டெஸ்கோகோ வீடியோவை எங்கள் வேலைத்தளத்தில் எல்லோரும் பார்த்தார்கள். சினலோவாக்காரப் பெரியவர் ஒருவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘இவர்களில் ஒருவனுக்கும் அந்தப் பாட்டில் வரும் ஆட்களைத் தெரியாது. தெரிந்தவன் சத்தமாகக் கேட்க மாட்டான்’ என்றார். அவர் ஊரில் 2024 செப்டம்பரிலிருந்து சினலோவா கார்ட்டெலின் இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டிருக்கின்றன. அவர் தம்பி குடும்பம் இருட்டிய பிறகு வெளியே போவதில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ஹைசன்பெர்க்கைப் பற்றி ஒரு பாட்டு வருமே, அதுவும் இந்த வகைதானா?

மலைச்சாரல்:

ஆமாம். இரண்டாவது சீசனில் வரும் ‘நேக்ரோ இ அசூல்’. பாடியது லோஸ் குவாதெஸ் தே சினலோவா என்ற நிஜக் குழு. நம் ஆட்களில் பலர் முதலில் கேட்ட நார்கோ கொரிதோ அதுவாகத்தான் இருக்கும். அதில்கூட ஹைசன்பெர்க்கைச் செத்தவன் கணக்கில்தான் வைக்கிறார்கள். பழைய கொரிதோவின் இலக்கணம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

நெய்தல், சந்தை இருக்கிறது, மறுக்கவில்லை. நதனயேல் கானோ 2019-ல் கிளப்பிவிட்ட கொரிதோஸ் தும்பாதோஸ் என்ற புதுவகைக் கொரிதோ அலையும் சந்தைதான். 2023-ல் எஸ்லபோன் அர்மாதோவும் பெசோ புளூமாவும் பாடிய ‘எய்யா பைலா சோலா’ அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 4-வது இடம் வரை போனது. அது வெறும் காதல் பாட்டு. ஆனால் அதே பெசோ புளூமா சினலோவாப் பெருந்தலைகளைச் சொல்லும் பாட்டுகளும் பாடியவர் என்பதால், அதே வருடம் செப்டம்பரில் டிஹுவானாவில் எதிர்க் கார்ட்டெல் பெயரில் மிரட்டல் பேனர் தொங்கியது. அக்டோபர் கச்சேரியை ரத்து செய்தார். உலகம் முழுக்க ரசிகர்களும், பெரிய பணமும், காவலும் உள்ளவர் நிலை அது.

சின்னப் பாடகனின் நிலையை யோசியுங்கள். ஒருவன் காசு கொடுத்துப் பாடச் சொல்கிறான். மறுக்க முடியாது. பாடினால் அவன் எதிரிக்கு நீ எதிரி. வாலெந்தீன் எலிசால்தே 2006 நவம்பரில் ரெய்னோசாவில் கச்சேரி முடித்துக் கிளம்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ‘என் எதிரிகளுக்கு’ என்ற அவர் பாட்டை, செத்தவர்களின் படங்களோடு யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கே-பாஸ் தே லா சியேர்ரா குழுவின் செர்ஹியோ கோமெஸ் 2007 டிசம்பரில் மிச்சோவாகானில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் பாடியது பெரும்பாலும் காதல் பாட்டு. 2025 மே மாதம் அதே ரெய்னோசாவில் ஃபுகிதிவோ குழுவின் ஐந்து பேர், ஒரு நிகழ்ச்சிக்கு வாசிக்கப் போனவர்கள், பிணமாகக் கிடைத்தார்கள்.

பணத்தின் தடத்தைப் பிடிக்க முடியாது என்று சொல்ல வேண்டாம். தெல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத் தலைவர் ஆங்கெல் தெல் வியாருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் 2025-ல் 4 வருடச் சிறை விதித்தது. கார்ட்டெலோடு தொடர்புடையவர் என்று அமெரிக்கக் கருவூலத் துறை 2018-ல் தடைப்பட்டியலில் சேர்த்த ஒரு கச்சேரி ஏற்பாட்டாளரோடு தொழில் செய்ததற்காக. அதற்காக எந்தப் பாட்டின் வரியையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. கச்சேரிக் கணக்கைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தாளக்கட்டு:

தும்பாதோஸ் பற்றி ஒரு வரி: அக்கார்டியன் போய், அதன் இடத்தில் ரெக்கிந்தோ கிட்டாரின் வேக ஓட்டம், தொலோலோச்சே என்னும் பெரிய பாஸ், டிராம்போன். ராப் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தாத்தாவின் வாத்தியங்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள். வார்த்தை பிடிக்காவிட்டாலும் வாசிப்பைக் கேளுங்கள். இருபது வயதுப் பையன்கள் விரல் தேயப் பயிற்சி செய்திருப்பது தெரியும்.

நெய்தல்:

கணக்கைப் பிடியுங்கள், சரி. அதோடு நான் கேட்பது ஒன்றுதான். டெல்மெக்ஸ் அரங்கம் குவாதலஹாரா பல்கலைக்கழகத்துடையது, அதாவது பொது அமைப்பு. அந்தத் திரையில், அந்த மாநிலத்தில், அந்த மாதத்தில், அவன் முகம் வரக் கூடாது. பாட்டின் வரியைப் பற்றி நீதிமன்றத்தில் ஆயுளுக்கும் வாதாடலாம். முகத்தைக் காட்டுவதற்கு என்ன கலைக் காரணம் இருக்கிறது?

அப்புறம், செத்தவர்களுக்குப் பாட்டே இல்லையா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

மலைச்சாரல்:

முகத்தைப் பற்றிச் சொன்னதில் நூற்றுக்கு நூறு உங்களோடு நிற்கிறேன். அந்தக் கோட்டை அங்கேதான் போட வேண்டும். வரியைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை அதே குழு மே மாதத்தில் வீயா புரிஃபிகாசியோனில் காட்டியது: தாங்கள் பாடாமல் வரிகளைத் திரையில் ஓடவிட்டார்கள், கூட்டம் முழுக்கப் பாடி முடித்தது. மெக்சிகோ அதிபர் ஷெயின்பாமும் நாடு தழுவிய தடை வேண்டாம் என்றே சொல்லி, 2025-ல் வேறு கருப்பொருளில் எழுதும் இளைஞர்களுக்காகப் பாட்டுப் போட்டி அறிவித்தார். அதில் வருவது வேலைத்தளத்து போன்களில் ஒலிக்குமா என்பதை ஹூஸ்டன்வாசிதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்விக்கு: இருக்கிறது. 2004-ல் லோஸ் டிக்ரெஸ் ‘லாஸ் முஹேரெஸ் தே ஹுவாரெஸ்’ பாடினார்கள். சியுதாத் ஹுவாரெஸ் நகரத்தில் 1993-லிருந்து கொல்லப்பட்டுப் பாலைவனத்தில் வீசப்பட்ட பெண்களைப் பற்றியது. அவர்களில் பலர் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். அரசு கைகட்டி நின்றதை அந்தப் பாட்டு நேராகவே சொல்கிறது.

நெய்தல்:

கேட்டேன். இரண்டு முறை. பாடுகிறவர்கள் அதே ஆட்கள், மெட்டும் அதே மெட்டு. தெயுசித்லானுக்கும் ஒன்று எழுதட்டும்.